இரட்டைக் காவல்

மூன்று வாரமாவது தாங்கும் என்று நம்பி வாங்கிய கேம் டிஸ்க் மூன்றாம் நாளே திரும்பி வந்திருந்தது.

சனிக்கிழமை மதியம், இரண்டேகால் மணி. காலையில் பிடித்த மழை ஒரே சீராகப் பெய்து ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தது. கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, சளி அடைத்த மூக்கு மெல்ல விசிலடிக்க, வாண்டு ஒரு யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகளின் அந்த விசிலைக் காதில் வாங்கிக்கொண்டே, சாப்பாட்டுத் தட்டை எடுக்கலாம் என்று தன் தம்பியின் அறைப் பக்கம் போனவள், கதவுக்கு அடியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளி வட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

குனிந்து எடுத்தாள். பளபளப்பான பக்கம் மேலே இருந்தது. எப்போதும் அப்படித்தான் வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கீறல் இல்லை, தூசி இல்லை, ஒரு விரல் ரேகைகூட இல்லை. பழைய டிஸ்க் விற்கும் கடையில் வாங்குவது. நாலு பேர் ரேகையாவது அதில் ஒட்டியிருக்கும், அவளுடையதும் சேர்ந்திருக்கும். அந்த அறைக்குள் போய் வந்தால் அத்தனையும் மறைந்துவிடும். துடைத்த தடம்கூட இருக்காது. முகர்ந்து பார்த்தாள். புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை அடித்தது. அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி.

கதவோரம் காலையில் வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. ரொட்டி காய்ந்து விளிம்பு தூக்கியிருந்தது. பட்டாணி மட்டும் வைத்தபடி இல்லை. இரண்டிரண்டாக, கோடு பிடித்ததுபோல வரிசை கட்டி நின்றது. கடைசி வரிசையில் ஒன்று தனியாக. எட்டு மாதமாக அந்த அறைக்குள் ஒரு வாய்ச் சாப்பாடு போகவில்லை, கதவு திறந்ததை யாரும் பார்க்கவில்லை, ஆனால் தட்டில் பட்டாணி அணிவகுப்பது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. அவளும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தாள். மனுஷிக்கு எதெல்லாம் பழகிவிடுகிறது.

உள்ளே சத்தம் இருந்தது. டக். டக் டக். டக். விசைகளை அழுத்தும் சத்தம். அதைக் கேட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஊரில் மற்ற வீடுகளில் சத்தம் நின்றால் நிம்மதி. இந்த வீட்டில் சத்தம் நின்றால் குழந்தையைத் தேடி ஓட வேண்டும். தம்பி விளையாடிக்கொண்டிருக்கும் வரை வீடு வீடாக இருக்கும். விளையாட்டு அவனுக்குப் பிடிக்காமல் போனால் டிஸ்க் வெளியே வரும். அதற்குப் பிறகு அவனிடம் இருக்கும் ஒரு பழைய ஆட்டத்தை வேண்டாவெறுப்பாக நோண்டிக்கொண்டிருப்பான். அதுவும் நாலு மணி நேரம்தான். அதற்குள் வேறு டிஸ்க் கதவுக்கடியில் போகாவிட்டால் சத்தம் நின்றுவிடும்.

இரண்டு முறை நின்றிருக்கிறது. முதல் முறை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் இருக்கும். உள்ளே வந்து பார்த்தபோது, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த வாண்டு தம்பியின் கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. இடது கால், வலது கால், இடது கால், வலது கால் என்று நின்ற இடத்திலேயே தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை, கட்டிலுக்கு அடியில் வயிறு தரையில் பட, முழங்கைகளை ஊன்றி ஊன்றி ஊர்ந்துகொண்டிருந்தாள். அப்போதும் தூக்கம்தான். முழங்கைத் தோல் உரிந்து தரையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அவள் தலை அந்தக் கதவைப் பார்த்தே திரும்பியது. குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்று அவள் அழுத அழுகை அந்தச் சுவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது முறை என்று ஒன்று நடக்கவே கூடாது. அவளுக்கு வேறு எந்த வேண்டுதலும் மிச்சமில்லை.

செய்யாத முயற்சியா? டாக்டர் வந்தார். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார். உள்ளேயிருந்து தம்பியின் குரல் அத்தனை பதவிசாகப் பதில் சொன்னது. "வேலை போன வருத்தம்மா. கொஞ்ச நாள்ல தானா வெளிய வருவார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிப் போனார். தச்சர் வந்தார். கதவின் கீல்களைக் கழற்றி, கதவை ஒரு சாண் நகர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கதவைப் பழையபடி நிறுத்தி, ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கி முடுக்கிவிட்டுப் படியிறங்கினார். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. திரும்பி வரவும் இல்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தோழி வீட்டுக்கும் ஓடிப் பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் தோழியின் துணி அலமாரிக்குள் டக் டக் என்று கேட்டது. பூட்டிய அலமாரி. அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது, அவனுக்கு அந்த அறைதான் வேண்டும் என்பதில்லை, சாத்திய கதவு ஒன்று இருந்தால் போதும். திரும்பி வந்து, தச்சர் விட்டுப்போன பெட்டியைத் திறந்து, வாசல் கதவையும் அவன் கதவையும் தவிர வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளையும் அவளே கழற்றினாள். அலமாரிக்குக் கதவு இல்லை. குளியலறைக்குத் திரைச்சீலை. கழற்றிய கதவுகள் பால்கனியில் அடுக்கி வைக்கப்பட்டு நனைந்துகொண்டிருந்தன.

வாண்டின் அப்பா கப்பலில் இருக்கிறான். சிக்னல் கிடைக்கும்போது கூப்பிட்டு, "மச்சான் என்ன பண்றான்?" என்பான். "விளையாடிக்கிட்டிருக்கான்" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

சமையலறை மேடையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள். போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுநர்களுக்கு ஷிப்ட் அட்டவணை போடுவது அவள் வேலை. கட்டம் போட்டு எழுதினால் எதையும் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவள். அதனால் தம்பிக்கும் கட்டம் போட்டிருந்தாள்: விளையாட்டின் பெயர், என்ன மாதிரிப் போர், எத்தனை நாள் தாங்கியது. 'பேரரசன்', ஒரு நாள். 'கடல்மேல் நூறு நாள்', நாலு நாள். 'பனிக்கோட்டை', பத்தொன்பது நாள். 'பாலம்', இருபத்துநாலு நாள். ஆரவாரமான போர்கள் அவனுக்கு ஆகாது, அமைதியாகக் காத்திருக்கும் ஆட்டம்தான் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்த 'மலைமுகடு' வாங்கினாள். பனி, தனிமை, உச்சியில் ஒரே ஒரு வீரன், கண்ணுக்கெட்டிய தூரம் எதிரியே இல்லை. அச்சு அசல் அவனுக்கென்றே செய்தது என்று நினைத்தாள். மூன்று நாள்.

ஆறேகாலுக்குள் வேறு ஒன்று வேண்டும்.

வழக்கமாக வாண்டையும் இழுத்துக்கொண்டுதான் கடைக்குப் போவாள். இன்று குழந்தைக்குக் காய்ச்சல் வேறு. கொட்டுகிற மழையில் எப்படிக் கூட்டிப் போவது? எதிர் வீட்டில் ஒரு டீச்சர் தனியாக இருக்கிறார். ஓய்வு பெற்றவர், குழந்தை என்றால் உயிர். வண்ணப் பென்சில்களோடு வாண்டை அங்கே கொண்டுபோய் விட்டாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு. இவ இருக்கிற ரூம் கதவைச் சாத்திடாதீங்க."

"தெரியும்மா, போன தடவையே சொன்னியே. மூடின ரூம்னா பயப்படுவா, அதானே?"

"ஆமா டீச்சர்" என்றாள். பயப்படுவது யார் என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

வாண்டு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "மாமாவுக்குப் புது கேம் வாங்கப் போறியாம்மா?"

"ஆமாடா கண்ணு."

"எனக்கும் சேர்ந்து விளையாடுற மாதிரி வாங்கு."

அவள் வேகமாகப் படியிறங்கினாள்.

கடை பஸ் நிலையத்துக்கு எதிரே, சாவி வெட்டுகிறவனுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவு. உள்ளே சுவர் முழுக்கப் பழைய டிஸ்க் பெட்டிகள். கடைக்காரர் ஒரு உடைந்த கன்ட்ரோலரைப் பிரித்துப் போட்டு ஊதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"என்ன மேடம், அதுக்குள்ளயா? மலைமுகட்டுல ஏறி அதுக்குள்ள இறங்கிட்டாரா உங்க தம்பி?"

"பிடிக்கலை. வேற குடுங்க. சீக்கிரம்."

"சீக்கிரம்னா எப்படி? செருப்புக் கடையிலகூடக் கால் அளவு பார்த்துத்தான் குடுக்கிறான். நம்ம மூணு கேள்வி இருக்குல்ல." விரலை நீட்டினார். "தோத்தா கோபம் வருமா, திரும்ப ஆடுவாரா? பரபரப்பு வேணுமா, பொறுமை வேணுமா? தனியாவா, து..."

"தனியா."

"ஒவ்வொரு தடவையும் நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சொல்லிடுறீங்க."

அவள் நோட்டை மேஜையில் போட்டாள். இதுவரை அதை யாருக்கும் காட்டியதில்லை. "இதைப் பாருங்க. எது எத்தனை நாள் தாங்குச்சுன்னு எல்லாம் எழுதியிருக்கேன். இதைப் பார்த்துச் சொல்லுங்க. தப்பா எடுத்துட்டுப் போக முடியாது. இன்னைக்குத் தப்பக் கூடாதுங்க."

அவள் குரலில் என்ன கேட்டதோ, கடைக்காரர் கிண்டலை விட்டுவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து நகர்த்தினார். மழை தகரத்தில் இரைந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றேமுக்கால்.

"நீங்க நாளை எண்ணியிருக்கீங்க மேடம். பனி, பொறுமை, அமைதின்னு எழுதியிருக்கீங்க. அதெல்லாம் இல்லை." விரல் 'பனிக்கோட்டை'யில் நின்றது. "இதுல காயம்பட்ட சிநேகிதனை முதுகுல தூக்கிட்டுப் போகணும்." விரல் 'பாலத்தில்' நின்றது. "இதுல குறி பார்க்கிறவன் பக்கத்துலயே தூரம் சொல்ல ஒருத்தன் படுத்திருப்பான். ரொம்ப நாள் ஓடினது எல்லாத்தையும் பாருங்க. எல்லாத்துலயும் கூட ஒரு ஆள் இருக்கான். சீக்கிரமே திரும்பி வந்தது எல்லாம் ஒத்தை ஆள் ஆட்டம்."

அவள் நோட்டையே பார்த்தாள். எட்டு மாதம் அவள் கையால் போட்ட கட்டங்கள். தட்டில் இரண்டிரண்டாக நின்ற பட்டாணி. கடைசியில் தனியாக ஒன்று. தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"உங்க தம்பிக்குச் சண்டை முக்கியமில்லை. துணைதான் முக்கியம்" என்றார் கடைக்காரர். "ஆனா கம்ப்யூட்டர் ஆட்டுற ஆள் எவ்வளவு நாளைக்கு? இருபது நாள்ல அவன் என்ன பேசுவான்னு மனப்பாடம் ஆயிடும். நிஜ ஆள் வேணும் அவருக்கு." பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சிரித்தார். "உங்க தம்பி முதல் தடவை இங்க வந்தப்பவே ரெண்டு ஹெட்செட் வாங்கினாரே. ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டுன்னு கேட்டேன். இன்னொண்ணு எங்க அக்காவுக்குன்னார்."

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை போய் அவள் வீட்டுக்கு வந்த புதிதில், தினமும் சாயங்காலம் கேட்பான். 'அக்கா, ஒரே ஒரு ஆட்டம் வாயேன்.' 'வேலை இருக்குடா.' அடுத்த நாளும் கேட்பான். 'வேலை இருக்குடா.' கடைசி நாள் கையில் எதையோ வைத்துக்கொண்டு அவள் பின்னால் வெகுநேரம் நின்றான். ஷிப்ட் அட்டவணையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்: 'போடா. உனக்கு வேற வேலை இல்லை. எனக்கு இருக்கு.' அவன் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். கையில் வைத்திருந்தது என்ன என்று அவள் இந்த நிமிடம் வரை யோசித்ததில்லை.

துணை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் யாரை நோக்கிக் கையை நீட்டியிருக்கிறான் என்பதும் இப்போது தெரிந்தது. இடது கால், வலது கால்.

"ரெண்டு பேர் ஆடுறது குடுங்க" என்றாள். "நான் ஆடுறேன்."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து உறை மங்கிய ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். 'இரட்டைக் காவல்'.

"ஒரே பதுங்குகுழி. ரெண்டு காவலாளி. ஒருத்தர் முன்பக்கம் பார்க்கணும், ஒருத்தர் பின்பக்கம். திரும்பிப் பார்க்க முடியாது. மத்தவர் சொல்றதை நம்பணும். இதுக்கு முடிவே கிடையாது மேடம், ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் ஓடும். பாதியில ஒருத்தர் எழுந்துட்டா ரெண்டு பேரும் செத்தாங்க. அதனாலயே யாரும் எடுக்க மாட்டாங்க." அவள் முகத்தைப் பார்த்தார். "நிஜமாவே உட்கார்ந்து ஆடுவீங்களா?"

"ஆடுவேன்."

முடிவே இல்லாத ஷிப்ட். மாற்று ஆள் இல்லாத ஷிப்ட். அட்டவணை போடுகிறவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். வாண்டு மட்டும் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தால் போதும்.

பஸ் கிடைக்கவில்லை. கிடைத்த பஸ் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டது. இறங்கி, டிஸ்க் பெட்டியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறியபோது மணி ஆறு. எதிர் வீட்டு வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே டீச்சரின் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையை எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. இல்லை, முதலில் இது. தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

டக்.

வெகுநேரம் கழித்து, டக்.

இன்னும் இருந்தது. இருந்தது, ஆனால் ஓய்ந்துகொண்டிருந்தது. கதவில்லாத வாசல்கள் எல்லாம் இருட்டிப்போய் அவளைப் பார்த்தன. விளக்கைப் போடவும் தோன்றாமல், ஈரம் சொட்டச் சொட்டத் தம்பியின் கதவுக்கு முன் மண்டியிட்டாள். கதவின் அடியிலிருந்து வந்த காற்று முழங்கால்களில் பட்டது. குழிக்குள்ளிருந்து வரும் குளிர்ச்சி. மண் வாசனை.

"டேய்" என்றாள். "நான் வர்றேன்டா. இந்தத் தடவை நான் வர்றேன். எனக்கு வேலை ஒண்ணும் இல்லை. ஒரு வேலையும் இல்லை. உன்கூடவே உட்கார்ந்துக்கிறேன். குழந்தையை விட்டுடுடா."

டிஸ்க்கைக் கதவுக்கடியில் தள்ளினாள். பாதி போனதும் மறுபக்கம் ஏதோ அதை மெல்ல வாங்கிக்கொண்டது.

சத்தம் நின்றது.

அவள் மூச்சும் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பன்னிரண்டு. பதிமூன்று.

டக். டக் டக். டக் டக் டக்.

பிடித்துவிட்டது. எட்டு மாதத்தில் இத்தனை துள்ளலாக அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. நெற்றியைக் கதவில் சாய்த்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் தட்டைப் பார்த்தாள்.

தட்டில் ஒரு ஹெட்செட் இருந்தது. புதுசு. அவளுக்கென்று வாங்கியது.

அதைச் சுற்றிப் பட்டாணி இரண்டிரண்டாக நின்றது. கடைசி வரிசையில் தனியாக எதுவும் இல்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றிருந்தது. சின்னது.

ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். இறங்கவில்லை. பட்டை உச்சந்தலையிலேயே நின்றது, காதுக்கு எட்டவில்லை. கழற்றிப் பார்த்தாள். பட்டையை இரண்டு பக்கமும் கடைசிப் பல் வரை உள்ளே தள்ளி வைத்திருந்தது. அத்தனை சின்னத் தலைக்கு. கடையிலேயே அப்படித்தான் தருவார்கள், அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இழுத்துப் பெரிதாக்கி மாட்டினாள்.

காற்று. எங்கோ வெட்டவெளியில் மழை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள்.

"நான்தான்டா" என்றாள். "அக்கா."

பிறகு தம்பியின் குரல் வந்தது. கோபமே இல்லை அதில். சின்ன வயதில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன தம்பியின் குரல்.

"பரவாயில்லைக்கா. உனக்கு வேலை இருக்கும். ஆள் வந்தாச்சு."

அவன் பேச்சுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மூச்சு கேட்டது. சின்ன மூச்சு. சளி அடைத்த மூக்கு. மெல்லிய விசில்.

ஹெட்செட் தரையில் விழுந்தது. எழுந்தாள். கால் தட்டில் பட்டுப் பட்டாணி சிதறியது. கூடம். வாசல். நடை. எதிர் வீடு.

டீச்சர் சோபாவிலிருந்து நிமிர்ந்தார். "வந்துட்டியா? என்னம்மா இப்படி நனைஞ்சு..."

"வாண்டு எங்க?"

"பாத்ரூம்ல இருக்கா. பத்து நிமிஷம் ஆச்சு, அப்பப்ப குரல் குடுத்துக்கிட்டுத்தான்..."

"கதவு?"

டீச்சர் முகம் மாறியது. "திறந்துதான் வெச்சிருந்தேன்மா. அவளேதான் வெட்கப்பட்டுச் சாத்திக்கிட்டா. ஆறு வயசுப் பொண்ணு, கதவைச் சாத்தாம எப்படிம்மா..."

இருண்ட நடையின் கடைசியில் அந்தக் கதவு. வெள்ளைப் பெயின்ட் அடித்த சாதாரணக் கதவு. அடியில் இரண்டு விரல் இடைவெளி. அங்கிருந்தே வாசனை வந்தது. வெட்டிய மண்.

டக் டக். டக்.

டிக் டிக். டிக்.

இரண்டு சத்தம். ஒன்று கனமாக. ஒன்று லேசாக.

ஓடிப்போய்க் கதவில் மோதினாள். கைப்பிடியைத் திருகினாள். திரும்பவில்லை. "வாண்டு! கண்ணு, கதவைத் திற! அம்மா வந்துட்டேன், திறடா!"

"சத்தம் போடாதம்மா." கோபப்படும்போது வரும் அதே மூக்கடைத்த குரல். "நான் பின்பக்கம் பார்க்கணும். மாமா முன்பக்கம் பார்க்கிறாங்க."

பின்னால் டீச்சர் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. தன் வீட்டுக்கு ஓடினாள். தச்சரின் பெட்டி. ஸ்க்ரூ டிரைவர். திரும்பி ஓடி வந்தாள். ஒரு வீட்டுக் கதவு முழுவதையும் கழற்றிய கை. கீலைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும். முதல் திருகாணியில் முனையை வைத்தாள். அழுத்தினாள். அரைச் சுற்று திருகினாள்.

பாதியில ஒருத்தர் எழுந்துட்டா ரெண்டு பேரும்.

கை நின்றது.

இன்னும் திருகலாம். எல்லாவற்றையும் திருகினால் கதவு கழன்றுவிடும். குழந்தை எழுந்து திரும்பிப் பார்க்கும். அவள் ஸ்க்ரூ டிரைவரைத் திருகாணியிலிருந்து எடுக்கவும் இல்லை, திருகவும் இல்லை. தன் கையால் தேடி, தன் கையால் வாங்கி, தன் கையால் உள்ளே தள்ளியது. இதைவிடப் பொருத்தமாக வேறு எதையும் அவள் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

"கண்ணு" என்றாள். "அம்மாவுக்குக் கையையாவது குடுடா."

கதவுக்கடியிலிருந்து நாலு சின்ன விரல்கள் வெளியே வந்தன.

பாய்ந்து பற்றிக்கொண்டாள். இரண்டு கையாலும். ஜில்லென்று இருந்தன. இன்னொரு கையும் வந்தது. அதையும் சேர்த்துப் பிடித்தாள். வாண்டின் இரண்டு கைகளும் அவள் கைகளுக்குள் இருந்தன.

உள்ளே டக் டக் என்று கேட்டது. டிக் டிக் என்று கேட்டது. லேசான அந்தச் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

விரல்களைத் திருப்பி, நடையின் மங்கிய வெளிச்சத்தில் நுனிகளைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் வழவழவென்று இருந்தன, ஒரு ரேகைகூட இல்லை. நகங்களில் மட்டும் யானையின் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது.